பாராட்டுப் பெற்றவர்களின் மாடி

அரசுப் பல்கலைக்கழகத்தில் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதனால் உயர்த்துவார்கள். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள அக்காவுக்கு மூன்று துணைவேந்தர்களின் காலம் தேவைப்பட்டது.

அக்கா என்பது அவள் பெயரல்ல. மைய அலுவலகத்தில் அவள் பதவி ஒருங்கிணைப்பாளர். அவசரத்துக்கு அது வாயில் நுழையாததால் அக்கா ஆனாள். அவளைவிட மூத்த பேராசிரியர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காரியம் ஆகவேண்டுமென்றால் எல்லோருக்கும் வயது குறைந்துவிடும்.

ஒரே பல்கலைக்கழகம், ஆறு வளாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முதல்வர், தனி வாசல், தனி ரோஷம். முத்திரையைத் தவிர ஆறுக்கும் பொதுவாக இருந்தது அக்கா மட்டும்தான். ஒரு வளாகத்தில் நுண்ணோக்கி இருக்கும், அதில் பார்க்கத் தெரிந்தவர் இன்னொரு வளாகத்தில் இருப்பார். இரண்டையும் ஒரே காலையில் ஒரே அறையில் சேர்ப்பது அவள் வேலை. ஃப்ரீசர் நின்றுபோன இடத்திலிருந்து மாதிரிகளை ஓடுகிற ஃப்ரீசருக்கு அனுப்புவது, வெளியூர் விஞ்ஞானிக்குத் தண்ணீர் வருகிற அறை பார்ப்பது, நெறியாளர் காணாமல் போன மாணவனுக்கு இன்னொரு நெறியாளரைத் தேடுவது, எல்லாம் ஆய்வு உதவி என்ற தலைப்பில் வந்தன. இவை மதியம் வரை. மதியத்துக்குமேல் தலைமைப் பொறுப்புகள். இயக்குநர்கள், குழுத் தலைவர்கள், துணைத் தலைவர்கள் என்று மையத்தில் இருந்த நாற்காலிகளுக்கு வளாகங்களிலிருந்து ஆள் எடுத்து உட்காரவைக்க வேண்டும். முதலாவது வேலை என்றும், இரண்டாவது அந்த வேலை கெடாமல் பார்த்துக்கொள்வது என்றும் அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளும் ஆய்வு செய்தவள்தான். இயற்பியல் படித்துவிட்டு, பழைய வளாகத்தில் மாணவியாகச் சேர்ந்து, உலோகத் தகடுகளின்மேல் ஒளி பட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுடைய நெறியாளரை மையத்துக்கு உயர்த்தினார்கள். ஆய்வுக்கூடம் வேறொருவருக்குப் போனது. தகடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒரு கையெழுத்துக்காக நெறியாளரைத் தேடி மைய அலுவலகத்துக்கு நடந்தாள். அவர் எப்போது போனாலும் கூட்டத்தில் இருந்தார். அவள் வரவேற்பறையில் காத்திருந்தாள். எதிரே மேஜைமேல் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இல்லை. சத்தம் பொறுக்காமல் எடுத்தாள். யார் எந்த வளாகம், யாருக்கு என்ன அவசரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கையெழுத்துக் கேட்டு வந்த இடத்தில் வேலை கிடைத்தது. கையெழுத்து கிடைக்கவில்லை.

அவள் கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டு முன்னறையில் அவருடைய பட்டறை. மேஜைமேல் ஊரார் வாய்கள் சுண்ணாம்பு அச்சில் வரிசையாகத் திறந்திருக்கும். சாயங்காலம் அக்கா வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவற்றின் முன்னால் உட்கார்ந்து அன்றைய செய்தியைச் சொல்வாள். அவர் அரம் வைத்து ராவிக்கொண்டே கேட்பார். "என் வேலையில வாய்க்குப் பொருந்தலன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும். ஆளு வந்து கத்துவான். உன் வேலையில பொருந்தாதவன் தலைவராயிடறான்" என்று ஒரு தடவை சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் அலுவலகத்தில் அதைத் தன் வாசகம்போல இரண்டு பேரிடம் சொன்னாள்.

விஷயம் இப்படித்தான் நடந்தது. வளாகத்தில் ஒருவர் எல்லோருடைய உயிரையும் எடுக்கிறார். ஆய்வக உதவியாளர்களை அழவைக்கிறார், அல்லது பக்கத்து அறைக்காரர்மேல் வாரம் ஒரு புகார் எழுதுகிறார், அல்லது வகுப்பில் தன் புத்தகத்தையே முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார். முதல்வரால் ஒன்றும் செய்ய முடியாது. அக்காவுக்கு ஃபோன் வரும். அப்படி ஓர் அறிவாளி, அப்படி ஓர் ஆளுமை, எங்கள் சின்ன வளாகத்துக்கு அவர் அதிகம், மையத்தில் இருக்கவேண்டியவர். அக்கா கேட்டுக்கொள்வாள். நாளடைவில் காது பழகியது. பாராட்டு நீண்டால் ஆள் தொல்லை. பரவாயில்லை என்ற ஒரு சொல்லில் முடிந்தால் நல்லவர். அவரை மட்டும் கேட்காதீர்கள் என்று முதல்வர் கெஞ்சினால் அவர்தான் வேண்டிய ஆள். இந்தக் கணக்கு எங்கும் எழுதப்பட்டதில்லை. எழுதினால் எல்லோரும் படித்துவிடுவார்கள்.

பாராட்டுப் பெற்றவர்களுக்காக மூன்றாவது மாடியில் அக்கா ஓர் இடம் உண்டாக்கியிருந்தாள். பெயர் ஆய்வுத் தொலைநோக்குக் குழு. தாழ்வாரத்தின் கோடியில் நல்ல வெளிச்சமான அறைகள், வாகனங்கள் நிற்கும் முற்றத்தைப் பார்த்த ஜன்னல், கதவில் பித்தளைப் பலகை, இரண்டு வேளை டீ. அங்கே போனவர்கள் சாதுவானார்கள். வளாகத்தில் குரைத்தவர்கள் இங்கே ஒருவருக்கொருவர் நாற்காலி இழுத்துப்போட்டார்கள். வருங்காலத்தைப் பற்றித் தடித்த தொகுதிகள் வெளியிட்டார்கள். அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வளாகங்கள் அதைவிட மகிழ்ச்சியாக இருந்தன.

ஒரே ஒரு பயம்தான் இருந்தது, திரும்பி வந்துவிடுவார்களோ என்று. அதற்காக முதல்வர்கள் சேர்ந்து ஒரு விதி கேட்டார்கள். மையப் பொறுப்பு ஏற்கிறவர் தன் ஆய்வுக்கூடத்தை வளாகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். வாசகத்தை அமைத்துக் கொடுத்தது அக்கா. தன் தகடுகள் அவளுக்கு மறந்துபோகவில்லை. மறக்காததால்தான் சொற்கள் அவ்வளவு சரியாக விழுந்தன. விதி என்றால் விலக்கு ஒன்று இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். தலைமைக்குப் பொருந்தாதவர் என்று ஆட்சிக்குழு கருதினால் அவர் தன் பழைய ஆய்வுக்கூடத்துக்கே திருப்பி அனுப்பப்படுவார். அந்த வரி ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. தலைமைக்குப் பொருந்தாதவர் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் கண்டுபிடிக்கப்பட்டதில்லை.

ஆய்வு உதவி இயக்குநர் ஓய்வு பெற்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. மற்ற நாற்காலிகளில் யார் உட்கார்ந்தாலும் கெடுதல் இல்லை. இந்த நாற்காலியில் மட்டும் உண்டு. எந்தக் கருவி எங்கே போகவேண்டும், எந்த அறை யாருக்கு என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தில் இருந்தது. துணைவேந்தர் அக்காவைக் கூப்பிட்டு நல்ல ஆளாகப் பார்க்கச் சொன்னார். ஆறு முதல்வர்களிடமும் பேசினாள்.

ஆற்றங்கரை வளாக முதல்வர் அவள் ஒரு பெயரைச் சொன்னதுமே பெருமூச்சு விட்டார்.

"அவரை மட்டும் கேக்காதீங்க அக்கா. தலைமைக்கெல்லாம் லாயக்கில்ல. கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேச வராது. இங்க ஏதோ ஓரமா உக்காந்து வேலை பாத்துட்டிருக்கார். அவரும் போயிட்டா எங்க கதி என்ன?"

அக்காவுக்கு இவ்வளவு தெளிவான இகழ்ச்சியைக் கேட்டு நாளாகியிருந்தது. அந்தப் பெயரை அப்போதே முடிவுசெய்துவிட்டாள்.

மலையடி வளாக முதல்வர் புதியவர். ஏதோ தனியார் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து அண்மையில்தான் வந்திருந்தார். தம் வளாகத்தில் பூஞ்சைகளை ஆராயும் ஒரு பேராசிரியையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மாணவர்கள் அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள், மண்ணிலிருந்து எடுத்து அவர் வளர்க்கும் பூஞ்சைகள் வேறு எங்கும் கிடையாது, வாரந்தோறும் தம் கையாலேயே அவற்றைப் புதுத் தட்டுக்கு மாற்றுகிறார், வளாகத்தின் முதுகெலும்பே அவர்தான். அக்காவின் டீ ஆறியது. அந்த அம்மாள் அப்படி என்னதான் செய்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

"கத்துவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"யாரு?"

"இல்ல சார், சும்மா கேட்டேன்."

ஆட்சிக்குழு அக்கா சொன்னபடியே செய்தது. ஆற்றங்கரைக்காரர் இயக்குநர் ஆனார். மலையடிப் பேராசிரியை மூன்றாவது மாடிக்கு வந்தார்.

அவரை எல்லோரும் பூஞ்சை மேடம் என்றார்கள். மாணவர்கள் வைத்த பெயர், அவருக்கும் பிடித்திருந்தது. ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை. அக்கா அவரை நோயாளியைக் கூட்டிப்போவதுபோல மெல்லப் பேசி மாடிக்கு அழைத்துப்போனாள். ஜன்னலோரம் உட்காரவைத்தாள். டீயைத் தானே கொண்டுவந்தாள். இங்கே என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். வருங்காலத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றாள். சரி, யோசித்து என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். அந்த மாடியில் யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி.

பூஞ்சை மேடம் தாமாகவே ஒரு பதில் கண்டுபிடித்தார். பேருந்து பிடித்து ஆறு வளாகங்களுக்கும் போனார். ஆய்வு மாணவர்களோடு படிக்கட்டில் உட்கார்ந்து, எது இல்லாமல் வேலை நிற்கிறது என்று விசாரித்தார். திரும்பி வந்து இந்த வருடமே செய்யக்கூடியவை என்று எழுதினார். குழுவில் மூத்தவர் கலங்கிப்போய் அக்காவிடம் இறங்கி வந்தார்.

"அந்த அம்மா இந்த வருஷத்தைப் பத்தி எழுதறாங்க அக்கா. அது நம்ம வரம்புலயே வராதே."

அக்காவுக்கு அப்போதுகூடச் சந்தேகம் வரவில்லை. தொல்லையில் இது ஒரு புது வகை என்று எண்ணிக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஞ்சை மேடம் மலையடிக்குப் போய், விதிப்படி இப்போது தமதல்லாத ஆய்வுக்கூடத்தைத் திறந்து, தட்டுகளை மாற்றிவிட்டு வந்தார். ஒப்படைத்த கூடத்துக்குள் போகக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுக்குத் தாமதமாக வந்த ஒரே நல்ல குணம் அது.

புது இயக்குநரைப் பற்றி மட்டும் சீக்கிரமே தெரிந்தது. ஆற்றங்கரையில் அவருக்கு நிலுவை என்று பெயர். முதல்வர் அதைச் சொல்ல மறந்திருந்தார். நிலுவை எதையும் மறுத்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் முகம் மலர்ந்து, பார்க்கலாம் என்பார். நுண்ணோக்கி நேரம், பார்க்கலாம். மாணவிக்கு வேறு நெறியாளர், பார்க்கலாம். அக்கா பல வருடமாக ஒவ்வொரு காலையிலும் பின்னிவந்த வலை சத்தமில்லாமல் அறுந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அவளுக்கு ஃபோன் செய்தார்கள். அவளும் பார்க்கலாம் என்றாள். தன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்று மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டாள்.

நிலுவை ஒரு காரியத்தில் மட்டும் வேகம் காட்டினார். தமக்கென்று ஆய்வு உதவி மையம் ஒன்று வேண்டுமென்றார். குளிர்சாதனம் உள்ள பெரிய அறையாக இருக்கவேண்டும். ஆறு வளாகத்திலும் தேடிப் பார்த்ததில், ஆள் இல்லாமல் கிடப்பதாகக் கணக்கில் இருந்த ஆய்வுக்கூடம் மலையடியில் அகப்பட்டது. ஒப்படைக்கப்பட்டது, உரிமையாளர் மையப் பொறுப்பில். ஃப்ரீசர் பழைய வளாகத்தின் கிடங்குக்கு, தட்டுகள் முறைப்படி அழிக்கப்படும் என்று ஆணை வந்தது. ஆணை வந்த நாளும் காரியம் நடக்கவேண்டிய நாளும் அவ்வளவு பக்கத்தில் இருந்ததை அந்த அலுவலகம் பார்த்ததே இல்லை.

அக்கா ஆற்றங்கரை முதல்வருக்கு ஃபோன் செய்தாள். இப்படி ஆளை என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று கேட்டாள். அவர் மனதாரச் சிரித்தார்.

"நல்லவர்னு சொன்னா நீங்க மூணாவது மாடிக்குத்தானே அனுப்புவீங்க. அங்க போனா எங்க வளாகம் அனுப்பின தொல்லைன்னு வருஷக்கணக்குல எங்க பேரைக் கெடுத்துட்டு உக்காந்திருப்பார். திட்டினா எடுத்துக்குவீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே அக்கா. நாலு வருஷமா தெரியும்."

அவள் ஃபோனை வைத்தாள். பிறகு மலையடி முதல்வரைக் கூப்பிட்டாள். பூஞ்சை மேடத்தைப் பற்றி அன்று சொன்னதெல்லாம் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

அவர் குழம்பினார். "நல்லவங்கன்னுதான் சொன்னேன். நல்லவங்கள வேற எப்படிச் சொல்றது?"

அக்காவுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

நிலுவையிடம் போய் ஆணையை நிறுத்தச் சொன்னாள். முகம் மலர்ந்து, பார்க்கலாம் என்றார். துணைவேந்தரிடம் போனாள். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு எதற்கு ஆய்வுக்கூடம், அவரை இயக்குநருக்குத் துணையாக இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று அவர் யோசனை சொன்னார். அக்கா எழுந்து வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் அந்த அம்மாள் தரையையே பார்க்க முடியாது.

மீதி இருந்தது அவள் அழகுக்குச் சேர்த்த வரி ஒன்றுதான்.

சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து, அந்த வரியை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று கணவரிடம் சொன்னாள். அவர் அரத்தை வைத்துவிட்டுக் கேட்டார். அந்த அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு என்றார். முடியாது என்று அக்கா தலையை ஆட்டினாள். சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பேசுகிறவர், எழுந்து நின்று தன் பக்கத்தைச் சொல்வார், எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி சொல்வார்.

"ஒத்துக்கிட்டா?"

"மூணாவது மாடியிலேயே இருப்பாங்க. பூஞ்சையெல்லாம் குப்பைக்குப் போயிடும்."

"சொல்லாம செஞ்சா உன்னை மன்னிக்க மாட்டாங்க."

"தெரியும்."

அவர் மறுபடி அரத்தை எடுத்தார். "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கற? பல்லைப் புடுங்கறதுன்னு முடிவு பண்ணிட்டு நாள் நல்லா இருக்கான்னு கேக்கறவ மாதிரி."

ஆட்சிக்குழு கூடிய அன்று நீண்ட மேஜையின் ஒரு பக்கம் முதல்வர்கள், மறுபக்கம் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். பூஞ்சை மேடம் அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், துணிப்பை மடியில். அன்று காலையிலேயே மலையடிக்கு வண்டி அனுப்பிவிட்டதாக நிலுவை பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அந்த அறையில் சாப்பாடு வந்துவிட்டது என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவள் எழுந்ததும் சிலர் பேனாவை மூடினார்கள்.

சாப்பாடு இல்லை. தொலைநோக்குக் குழு உறுப்பினர் ஒருவரைப் பற்றி ஆட்சிக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று தொடங்கினாள். அவர் வருங்காலத்தை விட்டுவிட்டு நடப்பு வருடத்தைப் பற்றி எழுதுகிறார். தமக்குக் கீழே உள்ளவர்களை அனுப்பாமல் தாமே பேருந்தில் போகிறார். மாணவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார். ஒப்படைத்த ஆய்வுக்கூடத்துக்கு வாராவாரம் போய் வேலை செய்கிறார். கூட்டத்தில் முடிவு எடுக்கப்பட்டதா என்று மறுகூட்டத்தில் கேட்கிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குரல் மட்டும் புகாரின் குரல். மேஜையைச் சுற்றி முகங்கள் இறுகின. இப்படியும் ஒருவரை நம்மிடையே வைத்திருந்தோமா என்று ஒருவர் பெருமூச்சு விட்டார்.

மலையடி முதல்வர் எழுந்துவிட்டார். அநியாயம் என்றார். அந்த அம்மாளைப்போல உழைப்பாளியை, நேர்மையானவரை, மாணவர்கள் கொண்டாடுகிறவரைத் தாம் பார்த்ததில்லை என்று ஆவேசமாகப் பேசினார். அவர் பேசப் பேச மற்ற முதல்வர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரை இவ்வளவு புகழ்ந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் நஞ்சம் இருந்த தயக்கமும் தீர்ந்தது. ஆற்றங்கரை முதல்வர் மட்டும் அக்காவைக் கூர்ந்து பார்த்துவிட்டு டீக்கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

துணைவேந்தர் பூஞ்சை மேடத்தைப் பார்த்து ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார்.  மேடம் பேச ஆரம்பித்தால் எல்லாம் போயிற்று என்று அக்கா நினைத்தாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். கோபம் இல்லை. அவள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிற முகம்.

"அவங்க சொன்னதெல்லாம் நெசந்தான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தலைமைக்குப் பொருந்தாதவர், பழைய ஆய்வுக்கூடத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறார், அக்கூடம் வேறு எந்தப் பயனுக்கும் ஒதுக்கப்படலாகாது என்று தீர்மானம் ஆயிற்று. நிலுவையும் கை தூக்கினார். என்ன தீர்மானம் என்று அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்திருக்கலாம்.

தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு அக்கா அலுவலகக் காரை வாசலுக்கு வரவழைத்தாள். மேடத்தை உட்காரச் சொன்னாள். எங்கே என்று கேட்டார். உங்கள் ஆய்வுக்கூடத்தை இப்போது காலிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். அவர் உடனே ஏறிக்கொண்டார். நகர எல்லை தாண்டும்வரை அக்காவே பேசினாள். பாராட்டுகளைப் பற்றி, மூன்றாவது மாடியைப் பற்றி, ஆற்றங்கரை முதல்வர் திட்டியதைப் பற்றி, ஒரு வரி விதியைப் பற்றி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். டிரைவர் ரேடியோவைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அவள் முடித்ததும் மேடம் கேட்டார்.

"மொத நாள் என்னை ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு, நீங்களே டீ கொண்டாந்து, அவ்ளோ மெதுவா பேசினீங்களே. அது தொல்லை புடிச்சவங்களுக்குச் செய்யறதா?"

"ஆமா மேடம்."

"நான் வீட்டுல போய்ச் சொன்னேன். மையத்துல எவ்ளோ நல்லவங்க இருக்காங்கன்னு."

அக்கா வெளியே பார்த்தாள். செங்கல் சூளைகள் போய்க்கொண்டிருந்தன.

"இன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்க."

"பேசியிருப்பேன். பேசியிருந்தா தோத்திருப்பேனா?"

"ஜெயிச்சிருப்பீங்க மேடம்."

மேடம் தலையசைத்தார். கொஞ்ச தூரம் போனதும், "பொருந்தாதவள்னு எழுதிட்டாங்க. இனிமே என்னோட திட்டத்துக்கே நான் தலைமை தாங்க முடியாது. அது தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

தெரியும் என்றாள் அக்கா. தலைவர் என்ற இடத்தில் இயக்குநர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அவர் எதையும் படிப்பதில்லை என்றாள். உதவியாக இருக்கும் என்றுதான் சொன்னாள். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினார்.

மலையடி வளாகத்தில் ஆய்வுக்கூட வாசலில் மூடுவண்டி நின்றது. ஃப்ரீசரைச் சக்கரப் பலகைமேல் ஏற்றித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மின்கம்பி வால்போல இழுபட்டுக் கிடந்தது. தட்டுகள் அட்டைப் பெட்டிகளில் சுவரோரம். இரண்டு ஆய்வு மாணவிகள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வேலையாட்களின் மேஸ்திரி களைத்துப்போயிருந்தார். அக்கா தீர்மானத்தைப் படித்துக் காட்டினாள்.

"காலையில எடுன்னாங்க. இப்ப வைன்னு சொல்றீங்க. எங்களுக்கென்ன, கூலி ஒண்ணுதான்" என்று அவர் ஆட்களைத் திருப்பினார்.

ஃப்ரீசர் பழைய இடத்துக்குப் போனது. மேடம் தாமே குனிந்து மின்கம்பியைச் சொருகினார். இயந்திரம் உறுமி ஓட ஆரம்பித்தது. கதவைத் திறந்து உள்ளே கையைவிட்டு ஒவ்வொரு அடுக்காகத் தொட்டுப் பார்த்தார். மாணவிகளில் ஒருத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்சம் இளகியிருக்கிறது, கெட்டுப்போகவில்லை என்றார். பெட்டிகளை உள்ளே எடுத்து வந்தார்கள். மேடம் கை கழுவிக்கொண்டு, கையுறையைத் துணிப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, விளக்குக்குக் கீழே முதல் தட்டைத் திறந்தார். நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ வட்டமாகப் படர்ந்திருந்தது. அக்கா இவ்வளவு அருகில் அவற்றைப் பார்த்ததில்லை. இவற்றுக்காகவா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, தன் தகடுகளைப் பார்த்து யாரோ அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றும் தோன்றியது.

அவள் வாசற்படிக்கு உள்ளே ஓர் அடியில் நின்றிருந்தாள். போவதா இருப்பதா என்று தெரியவில்லை. வேலையாட்கள் போய்விட்டார்கள். மாணவிகள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. நாற்காலியில் உட்காரச் சொன்னாள் ஒருத்தி. மேடம் நிமிரவில்லை.

"கதவைச் சாத்துங்க. குளிர் போகுது" என்றார்.

எந்தப் பக்கம் நின்று சாத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். மேடம் அடுத்த தட்டை எடுத்தார். அக்கா தாழ்வாரத்துக்கு வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.